மறுமொழி: தபால்கந்தோரடிப் பொடியனின் கேஸ்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்த் தபால்கந்தோரடிப் பொடியன் இங்கே இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் இருக்கிறான். அகதிக் கேஸ் தோற்று, இலங்கைக்குத் திருப்பி ஏற்றப்போகிறார்கள். அவனுக்கு என்ன செய்வது என்று நேற்று மத்தியானம் தொடங்கி எங்கள் ஊர்ச் சங்கக் குழுவில் 31 மடல் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் பொருளாளர் அண்ணையுடையது. அண்ணை, உங்களை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதே பேப்பர்ச் சரையின் நிறையைக் கழித்தவர் நீங்கள். பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை மூன்றுக்கும்தான் காசு எடுக்கலாம் என்று சங்க யாப்பில் இருப்பது சரி. அதனால் சங்கக் காசைத் தொடவே வேண்டாம். லோயர் கேட்டது 2,400 பவுண். லண்டன் சித்தப்பாவும் பாரிஸ் கடைக்காரரும் நானும் பிரித்துக் கட்டிவிட்டோம். ரசீது இருக்கிறது, அனுப்புகிறேன். 2019 தேர்த்திருவிழா ஒலிபெருக்கிக் கணக்குக்கு ரசீது இன்னும் வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் சுவிஸ் தம்பி. தடுப்பு முகாமில் இருக்கிறவனுக்காக ஊர்ப் பெயரில் மனு எழுதினால் ஊர் மானம் போகும் என்று எழுதியிருந்தாய். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில், வந்த வழியே டாக்காவுக்குத் திருப்பி ஏற்ற இருந்த எங்கள் ஆட்கள் விமானத்தடியில் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு நின்றார்கள். அந்த மாசிக் குளிரில். அன்றைக்கும் மானம் போச்சுது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் உயர் நீதிமன்றம் தலையிட்டு, விமானம் அவர்களை விட்டுவிட்டுத்தான் போனது. உன் பெரியண்ணர் லண்டனில் எப்படி இறங்கினார் என்று அவரிடமே ஒருநாள் கேட்டுப் பார்.

மானம் என்றதும் எனக்கு வேறொரு நினைவு. நான் மன்செஸ்ரருக்கு வந்த காலத்தில் ஹியூம் பகுதித் தேவாலயம் ஒன்றில் விராஜ் மென்டிஸ் தஞ்சமடைந்திருந்தார். சிங்களவர். தமிழர் பக்கம் பேசியதால் திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றார். 1986 டிசம்பரில் உள்ளே போனவர், இரண்டு வருடம் வெளியே வரவில்லை. அவரைக் காவல் காக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள் முறைபோட்டு அங்கே படுத்தார்கள். வாசலில் நானும் சில நாள் போய் நின்றிருக்கிறேன். எங்கள் ஆட்கள் அவ்வளவு பேர் வரவில்லை, எல்லோருக்கும் இரவு வேலை. 1989 ஜனவரியில் பொலிஸ் கதவை உடைத்து அவரை இழுத்துப்போய், இரண்டு நாளில் கொழும்புக்கு ஏற்றிவிட்டது. அவ்வளவு பெரிய போராட்டமும் தோற்றது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெல்பேர்ன் பிள்ளை, அவுஸ்திரேலியாவில் பிலோயிலா ஊர்த் தமிழ் அகதிக் குடும்பத்துக்கு நடத்தியதுபோல கையெழுத்து வேட்டை நடத்தலாம் என்கிறா. நல்ல யோசனைதான். ஆனால் அவர்களை 2018 மார்ச்சில் பிடித்தார்கள், 2022 ஜூனில்தான் ஊர் திரும்பினார்கள். நடுவில் 2019இல், அவர்களை நாடு கடத்தப் பறந்துகொண்டிருந்த விமானத்தை நீதிமன்றத் தடையுத்தரவு டார்வினில் இறக்கவைத்தது. எங்களுக்கு நாலு வருடம் இல்லை. பொடியனைத் திருப்பி அனுப்பும் அறிவித்தல் வந்துவிட்டது. அதில் உள்ள கெடு வருகிற வியாழனோடு முடிகிறது.

லோயரோடு நேற்று ஒரு மணித்தியாலம் கதைத்தேன். எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள், நல்லது என்றார். ஆனால் கேஸைத் திரும்பத் திறப்பது முன்பு யாரும் பார்க்காத ஆதாரம்தான். 2021இல் இங்கத்தைய குடிவரவு மேல் தீர்ப்பாயம் கொடுத்த வழிகாட்டுத் தீர்ப்பின்படி, ஊர்வலத்தில் கொடி பிடித்த படம் மட்டும் போதாது. இலங்கை அரசு அவனைப் பிரிவினைக்காக முக்கியமாய் உழைக்கிறவன் என்று நினைக்கிறது என்று காட்டவேண்டும். (அவன் படத்தை ஊர்ப் பெயரோடு நேற்று இரவு முகப்புத்தகத்தில் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். லோயர் சொல்லும்வரை அதை எடுத்துவிடும்.)

மச்சாள், இனி எழுதுவது உமக்கு.

ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்து நீர் எழுதிய மடலில், மாங்காய் இந்தமுறை நல்லாய்க் காய்த்திருக்கிறது என்பதற்கும் மாமிக்குச் சுகமில்லை என்பதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. மோட்டச்சைக்கிளில் வந்த இரண்டு பேர் பொடியனின் ஊர்வலப் படத்தை போனில் காட்டி, லண்டனில் எந்தக் கூட்டங்களுக்குப் போகிறவன் என்று தாயிடம் கேட்டார்களாம். போகும்போது தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடப் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்களாம். நீர் குசினி வாசலில் நின்று பார்த்தீர். லோயருக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். திகதி, நேரம், அவர்கள் கேட்ட சொல், கீழே உம்முடைய கையெழுத்து. இவ்வளவும் திங்கள் மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார்.

அடுத்த வருடமும் போகவேணும், காணி உறுதி முடியவில்லை, வம்பு வேண்டாம் என்று நீர் அக்காவிடம் சொன்னதாகக் கேள்வி. பயம் பிழையில்லை. அங்கே போய்வருகிற எல்லோருக்கும் உள்ள பயம்தான். ஆனால் அகதி வழக்கில் கொடுக்கிற கடிதம் தூதரகத்துக்குப் போவதில்லை. பெயரை மறைக்கும்படியும் லோயர் கேட்பார். நான் சொன்ன 2021 தீர்ப்பில் வழக்குப் போட்ட ஆட்களின் பெயர் கே.கே., ஆர்.எஸ். என்றுதான் இருக்கிறது. அவர்கள் யாரென்று உமக்கோ எனக்கோ தெரியுமா?

இன்னுமொன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தபோது, நான் இங்கே பெற்றோல் ஸ்ரேசனில் நின்றேன். அம்மாவைக் கரியரில் இருத்திச் சைக்கிளை விடியவிடிய மழைக்குள்ளால் உருட்டிப் போனது இந்தப் பொடியனின் தகப்பன். குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி ஏந்திக் கொடுத்தாராம். அம்மா சாகும்வரை சொல்லுவா. சைக்கிளின் முன்பாரில் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையும் இருந்தது. அது யாரென்று இங்கே எழுதத் தேவையில்லை.

இன்று இரவு கனடா நேரம் எட்டுக்கு எடுக்கிறேன். போனை எடும்.