என்எம்சி பின் நம்பர் புதுப்பிப்பு: வருடக் கட்டணம் 120 பவுண்டுக்கு மேல் எதுவும் கட்ட வேண்டுமா?

திண்டுக்கல்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். லெஸ்டரில் ஒரு கேர் ஹோமில் நர்ஸாக இருக்கிறேன். 2022 செப்டம்பரில் பின் நம்பர் (பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி தரும் பதிவு எண்) வந்தது, 2025 செப்டம்பர் 30உடன் மூன்று வருடம் முடிகிறது, அதனால் ரீவேலிடேஷன் (மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிப்பது) செய்தாக வேண்டும். எனக்கு இதுதான் முதல் தடவை.

நேற்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு ஏஜென்ட் மெசேஜ் போட்டிருந்தார். "ரீவேலிடேஷன் பேக்கேஜ் 180 பவுண்டு, ரிஃப்ளெக்‌ஷன் ஐந்தும் நாங்களே எழுதித் தருவோம், கன்ஃபர்மர் ஏற்பாடும் எங்களுடையது, கவலையே வேண்டாம்" என்று. (ரிஃப்ளெக்‌ஷன் என்றால் வேலை அனுபவத்தைப் பற்றி நாமே எழுத வேண்டிய குறிப்பு, கன்ஃபர்மர் என்றால் எல்லாம் முடித்திருக்கிறோமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்.) ஏற்கனவே இந்த ஊருக்கு வருவதற்கு விண்ணப்பத்துக்கு 140, கம்ப்யூட்டர் தேர்வுக்கு 83, ஆஸ்கி செய்முறைத் தேர்வுக்கு 794, பின் நம்பர் வாங்க 153 என்று கட்டித் தீர்த்தவர்கள்தானே நாமெல்லாம். இன்னும் 180ஆ? இது என்எம்சி வாங்கும் பணமா, இவர் வாங்கும் பணமா என்றே எனக்குப் புரியவில்லை. வருடா வருடம் கட்டும் 120 வேறு இருக்கிறதே, ரீவேலிடேஷன் வருடத்தில் அதுவும் சேர்த்துக் கட்ட வேண்டுமா?

இன்னும் இரண்டு சந்தேகம். போன வருடம் முக்கால்வாசி மெட்டர்னிட்டி லீவில் இருந்தேன், மூன்று வருடத்தில் பார்த்திருக்க வேண்டிய 450 மணி நேர வேலை கணக்குக்கு வருமா என்று பயமாக இருக்கிறது. அப்புறம் எங்கள் ஹோம் மேனேஜர் நர்ஸ் கிடையாது. கன்ஃபர்மராக அவர் கையெழுத்து செல்லுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

லாங்டே_ராணி:

தங்கச்சி, முதலில் அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணு. மற்றதை மெதுவாகப் பேசலாம் 😄

வார்டு_அக்கா:

நான் இரண்டு ரீவேலிடேஷன் முடித்தவள், எங்கள் வார்டில் பல பேருக்கு கன்ஃபர்மராகவும் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரீவேலிடேஷனுக்கு என்று என்எம்சி தனியாக ஒரு பைசா வாங்குவதில்லை. வருடத்துக்கு 120 பவுண்டு, அவ்வளவுதான். 2015இல் 100இலிருந்து 120 ஆக்கினார்கள், 2025இலும் அதே தொகைதான். மூன்றாவது வருடத்தில் அந்த 120ஐயும் கட்ட வேண்டும், ரீவேலிடேஷன் விண்ணப்பத்தையும் போட வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை, ஒன்றைச் செய்துவிட்டால் மற்றது தானாக நடந்துவிடாது. நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். மொத்தமாக 120 எடுக்க முடியாது என்றால் டைரக்ட் டெபிட் போட்டு மூன்று மாதத்துக்கு 30 என்று பிரித்துக் கட்டலாம்.

உன் கணக்குக்கு ரீவேலிடேஷன் தேதி செப்டம்பர் 1, அதாவது பின் முடிகிற மாதத்தின் முதல் நாள். அதற்கு 60 நாள் முன்பு, ஜூலை ஆரம்பத்தில், என்எம்சி ஆன்லைனில் விண்ணப்பம் திறக்கும். அதற்குள் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்றால், மூன்று வருடத்தில் 450 மணி நேர வேலை, 35 மணி நேரம் சிபிடி, அதாவது தொழில் சார்ந்த பயிற்சி (அதில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து செய்ததாக இருக்க வேண்டும், நீ மட்டும் தனியாக உட்கார்ந்து ஆன்லைன் மாட்யூல் பார்த்தது அந்த 20இல் சேராது), வேலை பற்றி யாராவது சொன்ன ஃபீட்பேக் ஐந்து, நீ எழுதிய ரிஃப்ளெக்‌ஷன் ஐந்து, ஒரு ரிஃப்ளெக்டிவ் டிஸ்கஷன் (எழுதியதைப் பற்றி ஒருவரோடு பேசுவது), கடைசியாக கன்ஃபர்மேஷன். உடல்நலம், நன்னடத்தை, இன்டெம்னிட்டி (வேலையில் தவறு நடந்தால் இழப்பீடு தரும் காப்பீடு) இவற்றுக்கெல்லாம் விண்ணப்பத்திலேயே உறுதிமொழி கேட்பார்கள்.

மெட்டர்னிட்டி பற்றிக் கவலையே படாதே. 450 என்பது மூன்று வருடத்துக்கும் சேர்த்துதான். வாரம் 37.5 மணி நேரம் வேலை பார்க்கிறவருக்கு அது வெறும் 12 வாரம். லீவுக்கு முன்னால் பார்த்த வேலையே உனக்குத் தாராளமாகப் போதும். பேங்க் ஷிஃப்ட் (ஆஸ்பத்திரியே தேவைக்குக் கூப்பிடும் கூடுதல் ஷிஃப்ட்), ஏஜென்சி ஷிஃப்ட் எல்லாம் சேரும், நர்ஸாகப் பார்த்த வேலையாக இருந்தால் போதும். ஆனால் சிபிடி விஷயத்தில் கவனம். ஃபயர் டிரெய்னிங் போல எல்லா ஊழியருக்கும் கட்டாயமாக நடத்துவதை எண்ணிக்கையில் சேர்க்காதே, உன் நர்சிங் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதுதான் செல்லும்.

உன் மேனேஜர் நர்ஸ் இல்லை என்றாலும் கன்ஃபர்மராக இருக்கலாம், உன் லைன் மேனேஜர் என்றால் போதும். ஆனால் ரிஃப்ளெக்டிவ் டிஸ்கஷன் மட்டும் என்எம்சி பதிவில் இருக்கும் ஒருவரோடுதான் செய்ய வேண்டும். உங்கள் ஹோமிலேயே இன்னொரு நர்ஸ் இருந்தால் அவரோடு செய், இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கும் தோழியோடு வீடியோ காலில்கூடச் செய்யலாம். இதற்கும் கன்ஃபர்மேஷனுக்கும் என்எம்சி தளத்தில் ஃபார்ம் இருக்கிறது, அதையேதான் நிரப்ப வேண்டும், சொந்தமாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் எதுவுமே இல்லை.

வேல்ஸ்_தம்பி:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கட்டணத்தைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் ஹாஸ்பிடலில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு இந்த விஷயத்தில் தூக்கமே போய்விட்டது.

கேரளத்திலிருந்து வந்த ஒரு சேட்டன், ரொம்பப் பொறுப்பானவர், ரிஃப்ளெக்‌ஷன் எல்லாம் அழகாக எழுதி, ரீவேலிடேஷன் விண்ணப்பத்தை நேரத்தோடு போட்டுவிட்டார். ஆனால் நடுவில் பேங்க் மாறியிருந்தார், டைரக்ட் டெபிட் பழைய பேங்கிலேயே கிடந்தது. என்எம்சி அனுப்பிய மெயிலெல்லாம் ஊரில் படிக்கும்போது வைத்திருந்த மெயில் ஐடிக்குப் போயிருக்கிறது. மாதக் கடைசியோடு பெயர் பதிவேட்டிலிருந்து போய்விட்டது. மேனேஜர் பதிவேட்டைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. பின் நம்பர் இல்லாமல் ஒரு ஷிஃப்ட்கூட நர்ஸாக வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்காது, அதனால் அன்றைக்கே மருந்து டிராலிச் சாவியைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். திரும்பப் பெயரைச் சேர்க்க 2 முதல் 6 வாரம் ஆகும் என்று என்எம்சியே சொல்கிறது. அதுவரை ஒன்று பேண்ட் 2 ஹெச்சிஏ (சம்பளம் குறைந்த உதவியாளர்) வேலை, இல்லையென்றால் சம்பளமில்லாத லீவு, இந்த மாதிரிதான் வழி சொல்வார்கள்.

நம்மைப் போல ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்களுக்கு இங்கேதான் பெரிய சிக்கல். ஒரு வருடத்தில் சம்பளமில்லாத லீவு நான்கு வாரத்தைத் தாண்டினால், மகப்பேறு, உடல்நலக் குறைவு போன்ற சில காரணங்கள் தவிர, விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப்பே கேள்விக்குள்ளாகிவிடும். ஆறு வாரம் இழுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 30 பவுண்டு தவணை ஒன்று தவறியதற்கு விசா வரைக்கும் போகிறது கதை. அவருக்கு நல்ல வேளையாக மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது.

அதனால் நான் செய்வது இதுதான்: மாதக் கடைசிக்கு முன்பே பணம் போய்விட்டதா என்று என்எம்சி ஆன்லைனில் பார்ப்பேன், அடுத்த மாதம் 1ஆம் தேதி பொதுப் பதிவேட்டில் என் பின் நம்பரைப் போட்டு, புதிய முடிவுத் தேதி காட்டுகிறதா என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வேன். யாரும் பார்க்கலாம், இலவசம்.

திண்டுக்கல்_பொண்ணு:

ஐயோ, பயமுறுத்திவிட்டீர்கள் தம்பி. என் மெயில் ஐடியும் காலேஜ் காலத்து ஐடிதான், இப்போதே மாற்றிவிட்டேன் 🙏

அக்கா, ரொம்ப நன்றி. மணி நேரக் கணக்கு தெளிந்துவிட்டது. எனக்கு வராதது அந்த ரிஃப்ளெக்‌ஷன் எழுதுவதுதான். இங்கிலீஷில் பெரிய கட்டுரை மாதிரி எழுத வேண்டுமா? பாதிப் பேர் ஏஜென்டிடம் போவதே அதற்குப் பயந்துதான்.

வார்டு_அக்கா:

கட்டுரை எல்லாம் இல்லை. ஃபார்மில் நான்கு கேள்வி இருக்கும்: என்ன நடந்தது, அதில் என்ன கற்றுக்கொண்டாய், உன் வேலையில் எதை மாற்றினாய், அது கோடில் (என்எம்சியின் நடத்தை விதிகளில்) எந்தப் பகுதியோடு பொருந்துகிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி போதும்.

எங்கள் வார்டில் புதிதாக வந்த ஒரு பொண்ணு எழுதியதைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைச் சரியான நேரத்துக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பார்த்து சாப்பாட்டு டிராலி தாமதம். சர்க்கரை 3.6 மில்லிமோலுக்கு (ஊர்க் கணக்கில் சுமார் 65க்கு) இறங்கியதும் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துச் சமாளித்தார்கள். "தட்டு கண்ணில் படாமல் இன்சுலின் பேனாவை எடுப்பதில்லை, டிராலி வார்டுக்குள் வந்துவிட்டதா என்று முதலில் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாள். கோடில் 'பிரிசர்வ் சேஃப்டி' பகுதி. அவ்வளவுதான், முக்கால் பக்கம்கூட வரவில்லை, ஆனால் படித்தால் இது நிஜமாக நடந்தது என்று தெரியும். ஏஜென்ட் எழுதித் தருவது எல்லாருக்கும் ஒரே கதையாகத்தான் இருக்கும், டிஸ்கஷனில் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முழிக்க வேண்டியதுதான். அது போக, யாரோ எழுதியதை உன்னுடையது என்று உறுதிமொழி கொடுப்பது நேர்மைக் கேள்வி. பின்னுக்கே ஆபத்து.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. நோயாளி பெயர், கூட வேலை பார்ப்பவர் பெயர், ரூம் நம்பர், தேதி, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் எழுதக் கூடாது. எழுதியதை என்எம்சிக்கு அனுப்பவும் வேண்டாம், உன்னிடமே வைத்திரு. வெரிஃபிகேஷனுக்குச் சில பேரைத் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விவரம் கேட்பார்கள், அதில் உன் பெயர் வந்தால் பதில் சொல்லத் தயாராக இருந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:

என் மனைவி நர்ஸ், நான் அக்கவுண்ட்ஸ் ஆள். கட்டணம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்த 120க்கு வரிச் சலுகை உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. உங்கள் கையிலிருந்து கட்டியிருந்தால் (முதலாளி கட்டியிருந்தால் கிடையாது) வரித் துறையான எச்எம்ஆர்சியிடம் பி87 ஃபார்ம் போட்டுக் கேட்கலாம். 20 சதவீத வரி கட்டுபவருக்கு வருடத்துக்கு 24 பவுண்டு. முந்தைய நான்கு வரி வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 2023, 2024 இரண்டு செப்டம்பரும் நீங்களே கட்டியிருந்தால் 48 பவுண்டு.

யூனிஃபார்மை வீட்டில் துவைக்கிறீர்களா? நர்ஸுக்கு அதற்கு வருடம் 125 பவுண்டு கழிவு, அதில் 20 சதவீதம் என்றால் 25. யூனியன் சந்தாவுக்கும் கேட்கலாம். 2024 அக்டோபரிலிருந்து ஆதாரம் கேட்கிறார்கள், அதனால் என்எம்சி ஆன்லைனில் பணம் கட்டிய ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று கம்பெனிகள் வரும், வருவதில் கணிசமான பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஃபார்மை நீங்களே நிரப்ப ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

லாங்டே_ராணி:

24 பவுண்டா! எட்டு வருடமாக யாரும் வாயைத் திறக்கவில்லையே 😭 அண்ணா, நான் ஆர்சிஎன் யூனியன் சந்தாவும் கட்டுகிறேன், அதற்கும் பழைய வருடத்துக்குக் கேட்கலாமா?

கணக்குப்பிள்ளை:

கேட்கலாம், அதே நான்கு வருடம்தான். அதற்கு முந்தையது போனது போனதுதான்.

திண்டுக்கல்_பொண்ணு:

கடைசியாக ஒன்று. இன்டெம்னிட்டி என்று உறுதிமொழி கேட்பார்கள் என்றீர்களே, அதற்காக யூனியனில் சேர்ந்தே ஆக வேண்டுமா?

வார்டு_அக்கா:

கட்டாயம் இல்லை. என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) என்றால் அந்த ஆஸ்பத்திரி ட்ரஸ்டே பார்த்துக்கொள்ளும். உன்னுடையது தனியார் கேர் ஹோம் என்பதால், எங்களுக்கு இன்டெம்னிட்டி கவர் இருக்கிறதா என்று ஹோமில் மெயிலில் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள். ஏஜென்சி ஷிஃப்ட்டும் பார்த்தால் அங்கேயும் தனியாகக் கேள். யூனியனில் சேர்வது நல்லதுதான், ஆனால் அது உன்மேல் புகார் ஏதாவது வந்தால் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்பதற்காக. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.

மேனேஜரிடம் கன்ஃபர்மேஷனுக்கு ஜூலையிலேயே தேதி வாங்கிவிடு. ஆகஸ்ட்டில் பள்ளி லீவு, பாதி மேனேஜர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

திண்டுக்கல்_பொண்ணு:

சரி அக்கா, ஜூலை இரண்டாவது வாரமே கேட்கிறேன். அந்த ஏஜென்டுக்கு ஏற்கனவே 50 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்த ஒரு பொண்ணு எங்கள் குரூப்பில் இருக்கிறாள், அவளுக்கும் இந்த லிங்க்கை அனுப்பிவிட்டேன்.