அடுப்புக்குத் தூள் தானாக விழணும், பைப் அடைத்துக்கொள்கிறது (அவசரம்)

பெகு இட்லிக்காரன் | காலை 9.40
வணக்கம். பர்மாவில் பெகு ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். அடுப்புக்குத் தூள் தானாகப் போய் விழுகிற மாதிரி ஒரு டின்னும் பைப்பும் வைத்துச் செய்தேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது, அப்புறம் விழவே இல்லை. கம்பியால் குத்தினால் மொத்தமாகக் கொட்டி அடுப்பையே அணைத்துவிடுகிறது. மோட்டார் வைத்தால் சரியாகுமா? என்ன மோட்டார்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், நாளைக் காலை வியாபாரத்துக்கு வேண்டும்.

தட்டோன் குமரன் | 9.52
என்ன தூள் அண்ணே? உமியா, மரத்தூளா? பைப் எத்தனை இஞ்சு, எவ்வளவு சாய்வு? கடையில் கரண்ட் நிற்கிறதா? படம் இருந்தால் போடுங்க.

பேட்டரி பாய் | 10.05
கார் வைப்பர் மோட்டார். வேறு எதையும் பார்க்காதீர்கள். 12 வோல்ட், உள்ளேயே கியர் இருப்பதால் மெதுவாகச் சுற்றும், இழுவை அதிகம். பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதில் தூளைத் தள்ளிக்கொண்டு போகிற திருகு (ஸ்க்ரூ) ஒன்றைக் கோத்து, 2 விநாடி ஓடி 8 விநாடி நிற்கிற மாதிரி டைமர் வையுங்கள். ஓடும்போது 4 ஆம்பியர் இழுத்தாலும் சராசரி 0.8தான். மூணு மணி நேரத்துக்கு 2.4 ஆம்பியர்-மணி. ஸ்கூட்டர் அளவு 7 ஆம்பியர்-மணி பேட்டரியே போதும், கரண்ட் போனாலும் இட்லி நிற்காது.

மில் மாஸ்டர் | 10.31
முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தூள் என்றால் எந்தத் தூள், மிளகாய்த்தூளா? நான் பசீன் பக்கம் அரிசி மில்லில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன். மில்லில் வருகிற உமியையே எரித்து மில்லை ஓட்டினோம். உமி தண்ணீர் மாதிரி ஓடாது தம்பி. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வாய்க்கு மேலே பாலம் கட்டி நிற்கும். அடியில் காலி, மேலே மூட்டை. புனலின் சுவர் தரையிலிருந்து 60 டிகிரியாவது நிமிர்ந்திருக்கணும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு.

தஞ்சை வாசகன் | 10.48
எதற்கு இவ்வளவு பாடு? எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு இடித்து இறுக்கி, பாட்டிலை மெதுவாகத் திருகி உருவினால் துளை விழும். அடியில் ஒரு சுள்ளியைக் கொளுத்தினால் போதும், கிட்டேயே போக வேண்டாம். மோட்டாராம், டைமராம்.

பெகு இட்லிக்காரன் | மதியம் 1.15
மன்னிக்கணும், அரிசி ஊறப்போடப் போய்விட்டேன். மரத்தூள்தான். மச்சான் நாற்காலிப் பட்டறை வைத்திருக்கிறார், அங்கிருந்து சும்மா வருகிறது. தூளும் இழைப்புளிச் சீவலும் கலந்து இருக்கும். பைப் 2 இஞ்சு, டின் பழைய எண்ணெய் டின். மூணு மணி நேரத்துக்கு நாலு வீசை ஆகிறது. கரண்ட்டை நம்ப முடியாது. தஞ்சை அண்ணன் சொன்னதை எங்கம்மாவும் செய்வார்கள். ஆனால் தீர்ந்ததும் ஆறவைத்து மறுபடி இடிக்கணும், அதற்குள் கடையில் ஆட்கள் நின்றுவிடுவார்கள். நான் ஒரே ஆள், மாவுக் கையோடு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூள் அள்ள முடியவில்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இன்றைக்கு டின்னுக்குள் இருந்தும் புகை வந்தது.

தட்டோன் குமரன் | 1.22
அண்ணே, அதையல்லவா முதலில் சொல்லணும்! டின்னுக்கு மூடி இல்லையா? மேலே திறந்திருந்தால் உங்கள் பைப்தான் இரண்டாவது புகைபோக்கி. சூடு அந்த வழியாகவும் மேலே இழுக்கும், தீ தூளைப் பிடித்துக்கொண்டே டின்னுக்கு ஏறிவிடும். நாளைக்கு அதைப் பற்றவைக்காதீர்கள். கடைக் கூரை என்ன, ஓலையா?

பெகு இட்லிக்காரன் | 1.30
தகரம். மூடி இல்லை. இனி மூடிவிடுகிறேன்.

மில் மாஸ்டர் | 1.58
மூடினால் போதும் என்று யார் சொன்னது? காற்றுப் புகாமல் மூடினால் தீ ஏறுவது குறையும், சரி. ஆனால் நடுவில் தூள் போடத் திறப்பீர்களே, அப்போது உள்ளே தேங்கின புகை காற்றுப் பட்டதும் குப்பென்று பிடிக்கும். புருவம் மிஞ்சாது. திருகை மேல்நோக்கிச் சாய்த்து, அதன் உச்சியிலிருந்து தூள் அடுப்புக்குள் தனியாகக் குதித்து விழணும். எரிகிற தூளும் எரியாத தூளும் ஒன்றையொன்று தொடவே கூடாது. அப்புறம் சீவல். அது திருகில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். சலிக்காமல் போட்டால் பாயின் மோட்டார் ஒரு நாள் தாங்காது.

பேட்டரி பாய் | 2.10
என் மோட்டார் தாங்கும். திருகுதான் தாங்காது.

தஞ்சை வாசகன் | 2.25
நாலு வீசை என்றால் 5.6 கிலோ. ஒரு டின் போதும் என்று நினைக்கிறேன்.

தட்டோன் குமரன் | 2.28
6.5 கிலோ. வீசைக்கு 1.63 கிலோ.

தஞ்சை வாசகன் | 2.33
தவறு. வீசை 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

மில் மாஸ்டர் | 2.50
உங்கள் தாத்தா போட்டது சென்னை வீசை. இங்கே நூறு டிக்கல் சேர்ந்தது ஒரு வீசை, பர்மாக்காரன் பெய்த்தா என்பான். வெள்ளைக்காரன் விஸ் என்று எழுதி வைத்தது நம்ம வீசையைத்தான், எடைதான் வேறு. பெகுவில் இட்லி விற்கிறவர் சென்னை வீசையிலா நிறுப்பார்?

தஞ்சை வாசகன் | 2.56
சொல் நம்முடையது, எடை மட்டும் அவர்களுடையதா? வேடிக்கைதான்.

தட்டோன் குமரன் | 3.01
அதற்கு நாங்கள் என்ன செய்ய அண்ணே? இங்கே சந்தையில் போய் 1.4 என்று சொல்லிப் பாருங்கள், வெங்காயமே கிடைக்காது.

பேட்டரி பாய் | 3.20
உலர்ந்த மரத்தூள் லிட்டருக்கு 200 கிராம் அளவில்தான் நிற்கும். எண்ணெய் டின்னில் நாலு கிலோகூடப் பிடிக்காது. எந்த வீசையானாலும் ரெண்டு டின் வேண்டும். போதுமா?

அடுப்பங்கரை | மாலை 6.05
தம்பி, நாற்காலிப் பட்டறை என்றால் கால் வெட்டின மிச்சம், சட்டத் துண்டு எல்லாம் விழுமே. அதை என்ன செய்கிறீர்கள்?

பெகு இட்லிக்காரன் | 6.40
அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது அக்கா. பற்றவைக்க மட்டும் எடுப்பேன்.

அடுப்பங்கரை | 7.15
அப்போது தூளை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? துண்டை நட்டுக்குத்தலாக நிறுத்தி எரியுங்கள். அடுப்பு வடகலை நாமம் மாதிரி, ஆனால் ஒரு கால் குட்டை. குட்டைக் கால் 10 இஞ்சு ஆழம், அதில் துண்டுகளை நிறுத்தணும். நெட்டைக் கால் 30 இஞ்சு, அதன் தலையில் பானை. நெட்டைக் கால் சூடானதும் இழுக்கிற இழுப்பில் காற்று குட்டைக் கால் வழியாகக் கீழே இறங்கும், தீயும் கூடவே படுத்துக்கொண்டு போகும். துண்டு அடியில் மட்டும் எரியும். எரிய எரியத் தன் பாரத்தில் தானே இறங்கும். நெட்டைக் காலைச் சுற்றி உமிச் சாம்பல் கொட்டுங்கள், சூடு வெளியே போகாது, மில்லில் கேட்டால் கிடைக்கும். மூணு விஷயம்: துண்டு நேராக, காய்ந்ததாக இருக்கணும், நெருக்கி அடைக்கக் கூடாது, ஆரம்பத்தில் நெட்டைக் காலுக்குள் ரெண்டு காகிதம் கொளுத்திப் போட்டுச் சூடாக்கணும், இல்லாவிட்டால் புகை உங்கள் முகத்துக்குத்தான்.

மில் மாஸ்டர் | 7.32
30 இஞ்சுக்கு மேலே இட்லிப் பானை. ஏணி யார் கொடுப்பது?

அடுப்பங்கரை | 7.36
குட்டைக் காலைக் குழிக்குள் இறக்கிக் கட்டினால் உயரம் குறையும் ஐயா.

மில் மாஸ்டர் | 7.41
ஆடி மாதத்தில் பெகுவில் குழி தோண்டினால் அடுப்பு வராது அம்மா, கிணறு வரும்.

அடுப்பங்கரை | 7.44
அப்போ ஏதாவது ஏறி நிற்கட்டும். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

பேட்டரி பாய் | 7.50
ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இன்னும் நன்றாக இழுக்கும், 12 வோல்ட்.

தட்டோன் குமரன் | நான்கு நாள் கழித்து
அண்ணே, என்ன ஆச்சு? டின்னைப் பற்றவைக்கவில்லையே?

பெகு இட்லிக்காரன் | பதினொரு நாள் கழித்து
எல்லாருக்கும் நன்றி, பதில் போட நேரமே இல்லை. துண்டு அடுப்புதான் கட்டினேன். தானாக இறங்குகிறது. கால் மணிக்கு ஒரு தடவை ரெண்டு துண்டு வைத்தால் போதும். நேற்றுக் கோணல் கால் ஒன்று சுவரில் மாட்டிக்கொண்டு நின்றது, கரண்டியால் தட்டினேன், விழுந்துவிட்டது. பானை நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது, சோடாப் பெட்டி மேல் ஏறி நின்று இட்லி எடுக்கிறேன். மச்சான் தூளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். ஏழு மூட்டை நனைகிறது, யாருக்காவது வேண்டுமா?

பேட்டரி பாய்
ரங்கூன் வந்தால் ரெண்டு மூட்டை கொண்டுவாருங்கள். வைப்பர் மோட்டார் வாங்கிவைத்துவிட்டேன்.

மில் மாஸ்டர்
காயவைத்து, சலித்து. 60 டிகிரி, பாய்.