பெரிய லென்ஸைக் கண்டால் கயிறு விலகுகிறது: உங்களுக்கு நடந்தது என்ன?

டர்பனிலிருந்து

தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம். படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை, ஆசை. இத்தனை வருஷமும் கேமராவோடு கூட வந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டுதான் காவடிக்குப் போவேன். கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக, முன்னால் நிற்பவர் தலைக்கும் தோளுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் எடுத்துக்கொண்டு வருவேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போன வருஷக் கடைசியில் செகண்ட் ஹேண்டில், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டுகிற ஒரு 70-200 லென்ஸ் வாங்கினேன். வெள்ளை நிறம், ஒன்றரைக் கிலோ. இந்தத் தைப்பூசத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன்.

டர்பனின் கோடைப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். ஏசி காரைவிட்டு இறங்கியதும் லென்ஸ் முகம் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் திட்டாகிவிடும், தானாகத் தெளியட்டும் என்று மரத்தடியில் பத்து நிமிஷம் நின்றேன். அதற்குள் மூன்று பேர் வந்து "எந்தப் பேப்பர்?" என்று கேட்டுவிட்டார்கள். "பேப்பர் இல்லண்ணா, எனக்காகத்தான்" என்றேன். ஒருத்தரும் நம்பின மாதிரி தெரியவில்லை. நாலாவதாக வந்தவர் பச்சைச் சட்டை போட்ட வாலண்டியர். அவர் எதுவுமே கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "மீடியா, மீடியா, வழி விடுங்க" என்று என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அலகு குத்துகிற இடம். இருபது வயசு இருக்கும் பையன், கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறான். பக்கத்தில் பால்செம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆயா, அவன் பாட்டி. வாலண்டியர் அவர் தோளைத் தொட்டு, "ஆயா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, கேமராக்காரர் எடுக்கட்டும்" என்றார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு எட்டு தள்ளினார். அந்த இரண்டு எட்டில் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டது.

நான் எடுத்தேன். அப்படி ஒரு படம் இதுவரை எடுத்ததில்லை. கன்னத்தில் வேல் இறங்குகிற நொடி, இமையில் விபூதித் துகள், உதட்டோரம் எலுமிச்சைச் சாறு, எல்லாம் அவ்வளவு துல்லியம். ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் ஆயாவால் அவனைப் பார்க்க முடியவில்லை. விரதம் இருந்து, பால் எடுத்து, அவனோடேயே நடந்து வந்தவர் அவர். அவர் நின்ற இடத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் அந்த லென்ஸ் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. நான் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவள்.

கல்யாணப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. கையில் இரண்டு சின்ன மிரர்லெஸ் கேமரா, ஒன்றில் 35 லென்ஸ், இன்னொன்றில் 85. மொத்தமும் ஒரு சாதாரணத் தோள்பையில் அடங்கிவிடும். சத்தமில்லாத ஷட்டர். மந்திரம் சொல்லும்போது ஐயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட யாருக்கும் தொந்தரவு இருக்காது. நல்ல விஷயம்தானே? ஆனால் அதனாலேயே என்னை யாரும் போட்டோகிராபர் என்று நினைப்பதில்லை. மாப்பிள்ளையின் தங்கச்சி என்றோ கல்லூரித் தோழி என்றோதான் நினைக்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணம். பெண்வீட்டுச் சொந்தத்தில் ஒரு மாமா, கீழே கூடுதல் பேட்டரி போடுகிற கிரிப், மேலே பெரிய ஃபிளாஷ், முன்னால் உங்கள் மாதிரி நீள லென்ஸ் என்று வந்திருந்தார். நல்ல மனுஷர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் அவர் மணவறைப் படியில் ஏறி நின்றார். நான் முன்னால் நகர்ந்தேன். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து, "தள்ளும்மா, போட்டோகிராபருக்கு மறைக்குது" என்றார். எனக்கு அட்வான்ஸ் கொடுத்தவரே அவர்தான்! அந்த ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தின் இடப்பக்கம் முழுக்க மாமாவின் முழங்கை.

மறுவாரமே பேட்டரி கிரிப் வாங்கினேன். அகலமான வார், லென்ஸ் முகப்பில் மாட்டுகிற, தேவைக்கு மேல் நீளமான ஹூட். இன்றுவரை அந்த கிரிப்பில் இரண்டாவது பேட்டரி போட்டதே இல்லை, எனக்கு அது வேண்டியதும் இல்லை. வழி கிடைப்பதற்காக அரைக்கிலோ சும்மா சுமக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மணிக்கட்டு வலிக்கும்போது அழுகையே வரும். ஆனால் இப்போது வழி விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அண்ணா. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்வேன்: அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நின்றே ஆகணும்? அனேகமாக ஒரு பாட்டி பெயர் வரும். அவர் எங்கே நிற்பார் என்று முடிவானபிறகுதான் என் இடத்தைத் தேடுவேன்.

கேப் டவுனிலிருந்து

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி ஒரு சேதி. கேனான் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை பூசுவது வெயில் சூடு ஏறாமல் இருக்கத்தான். உள்ளே இருக்கும் ஃபுளோரைட் படிகம் சூட்டில் விரிந்து ஃபோகஸைக் கெடுக்கும். டிவியில் கிரிக்கெட், கால்பந்து பார்க்கிறவர்களுக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே வரிசையாக அந்த வெள்ளைக் குழாய்கள்தான் தெரியும். அதனால் வெள்ளை என்றாலே பத்திரிகைக்காரர் என்று பதிந்துபோயிருக்கிறது.

எனக்கு அது நேர்மாறாக முடிந்தது. கிரிக்கெட் மைதான வாசலில் இதே லென்ஸைப் பார்த்து, "தொழில்முறைக் கருவி, அனுமதி இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். டிக்கெட் இருந்தது, பக்கத்தில் மகன் நின்றான். கார் வரைக்கும் போய் வைத்துவிட்டு வருவதற்குள் ஆறு ஓவர் போச்சு. கோயிலில் கதவு திறக்கிற அதே லென்ஸ்தான்.

லெனேஷியாவிலிருந்து

ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் பெரிய கேமராவுக்குக் கிடைக்கிற கவனமே வேறு. தீபாவளிக் கடைத்தெருவில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து, "இது என்ன விலை இருக்கும்?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வந்து அதையே கேட்டான். பலகாரக் கடை ஆண்ட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு, "பத்து நிமிஷம் உட்காரு, டீ குடி" என்றார். நடந்தது அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பிராண்ட் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். கேமராப் பையையும் தூக்கிப் போட்டுவிட்டு, குழந்தைக்கு டயப்பர் எடுத்துப்போகிற பையில்தான் வைக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

மகள் பள்ளி விளையாட்டு விழா. என்னிடம் 150-600 லென்ஸ், கிட்டத்தட்ட இரண்டு கிலோ, பறவை எடுக்க வாங்கினது. டீச்சர் பார்த்தார், ஓடுபாதை ஓரக் கதவைத் திறந்துவிட்டார். மற்றப் பெற்றோர் எல்லாரும் வேலிக்கு அப்பால். எனக்கு மட்டும் கிடைத்த இடம், எல்லாருக்கும் பயன்படட்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இருநூறு படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டேன். நன்றி, நன்றி என்று குவிந்தது.

மறுநாள் காலை ஒரு அம்மா தனியாக எழுதினார்: என் மகள் இருக்கிற படங்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அவள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று அவள் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. யூனிஃபார்மில் பள்ளிச் சின்னம் 600 மில்லிமீட்டரில் பளிச்சென்று விழுந்திருந்தது. 'பாப்பியா' என்று இங்கே எல்லார் வாயிலும் புழங்குகிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எல்லாருக்கும் கட்டாயமானது 2021 ஜூலையில். அந்த அம்மா சட்டம் எதுவும் பேசவில்லை. கெஞ்சினார். நான் உடனே அழித்தேன், ஆனால் அதற்குள் எத்தனை போனில் இறங்கியிருக்கும்? இன்னும் தூக்கம் கெடுகிறது. இப்போதெல்லாம் என் பிள்ளை படம் தவிர மற்றவர்கள் படத்தை அந்தந்தப் பெற்றோருக்குத்தான் அனுப்புகிறேன்.

பைன்டவுனிலிருந்து

தீமிதி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்பனில் முன்பு பெல்லேர் ரோடு என்று பெயர் இருந்த சாலையில் இருக்கிற அம்பலவாணர் ஆலயத்துக்கு ஈஸ்டரை ஒட்டிப் போவேன். இப்போதுள்ள கட்டடம் 1947-ல் கட்டியது, ஆனால் கதவுகள் 1905 வெள்ளத்தில் போன பழைய கோயிலுடையவை. அந்தக் கதவுகளை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். நீள லென்ஸை வைத்துக் குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் தணலுக்கு மேலே காற்று அலையும், எல்லா முகமும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி கலங்கும். விலை எத்தனை ஆயிரம் ராண்டானாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷ் அடிக்காதீர்கள். சாமி வந்து நடக்கிறவர் கண்ணில் திடீர் வெளிச்சம் அடித்தால் காலடி தவறும், கீழே நெருப்பு. நான் இப்போது 35 லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, குழி முடிகிற பக்கம், சொந்தக்காரர்கள் கைநீட்டி நிற்கிற வரிசைக்குப் பின்னால் நின்றுவிடுகிறேன். பாதம் மண்ணைத் தொட்டதும் அம்மா பிள்ளையைக் கட்டிக்கொள்கிற இடம் அதுதான்.

தொங்காட்டிலிருந்து

தம்பி, எனக்கு எழுபத்தாறு வயது. கரும்புத் தோட்டத்தில் பிறந்தவன். பெரிய கேமரா என்று நீங்கள் பேசுவதைக் கேட்டதும் எனக்குப் படக்காரர் ரஞ்சித் கல்லி ஞாபகம் வந்தது. 1925-ல் இசிபிங்கோவில் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பழைய சாமான் விற்பனையில் ஆறு பென்ஸுக்கு ஒரு கோடாக் வாங்கி ஆரம்பித்தவர். பிறகு 'ட்ரம்' பத்திரிகைக்கு எடுத்தார். லுத்துலி, மண்டேலா, மான்ட்டி நாயக்கர் என்று நிறவெறியை எதிர்த்த தலைவர்கள் எல்லாரும் அவர் கேமரா முன்னால் நின்றிருக்கிறார்கள். 2017-ல் காலமானார். அந்தக் காலத்தில் இந்தியன் ஒருவன் கேமராவோடு கூட்டத்தில் நின்றால் முதலில் கவனிக்கிறது போலீஸ். கேமரா பெரிதாகத் தெரிவதை யாரும் விரும்பவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு டவுனிலிருந்து படக்காரர் வருவார், வருஷத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணத்துக்கு. அவருக்கும் எல்லாரும் வழி விடுவோம், என் பாட்டி உள்பட. ஆனால் ஒரு மாசம் கழித்து அவர் படத்தை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். வழி விட்டவர்கள் வீட்டுக்குப் படம் வந்து சேரும். நீ எடுத்த படம் எங்கே இருக்கிறது தம்பி? அந்த ஆயா யார் என்று கோயிலில் விசாரி. இங்கே எழுதிக்கொண்டிருக்காதே, போ.

டர்பனிலிருந்து மறுபடியும்

ஐயா சொன்னபிறகு எனக்கு உட்கார முடியவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போய், போனில் பையன் படத்தைக் காட்டிக் கேட்டேன். பூக்கட்டுகிற அக்கா பார்த்த உடனே சொல்லிவிட்டார். டர்பனை ஒட்டின பீனிக்ஸில் வீடு. பையனோடு முதலில் போனில் பேசினேன், வரலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான்.

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆயா சோபாவில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தள்ளச் சொன்னது எனக்காகத்தான் என்று நானே சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பையன் கண்ணாடி எடுத்துக் கொடுத்தான்.

வேல் இறங்குகிற இடத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் இமையையே பார்த்தார். "வலிக்கலன்னு சொன்னானே, இப்பிடியா இருந்தான்" என்றார். இந்த வீட்டில் தமிழ் பேசுகிற கடைசி ஆள் அவர்தான். பேரனுக்கு அவர் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை, சிரித்தான்.

பிறகு அவர் விரல் படத்தின் வலது மூலைக்குப் போனது. அங்கே ஃபோகஸுக்கு வெளியே மஞ்சளாக ஒரு தீற்றல் இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிடலாமா என்று பிரிண்ட் போடும்போது யோசித்து, சோம்பலில் விட்டிருந்தேன்.

"இது நம்ப சீல" என்றார்.