குவைத் போரும் ஈராக்கின் கடன் கணக்கும்

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

கவின், காலை 10.12
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘நாடுகளைப் போருக்கு இழுப்பது பொருளாதாரமே’ என்ற அணியில் பேசுகிறேன். 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ‘எண்ணெய்க்காக நடந்த போர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? சித்தப்பா, நீங்கள் அப்போது அங்கேதானே இருந்தீர்கள்?

சேகர் சித்தப்பா, காலை 10.31
இருந்தேன், கவின். ஆகஸ்ட் 2 வியாழக்கிழமை விடிவதற்குள் பீரங்கி வண்டிகள் ஊருக்குள் வந்துவிட்டன. எங்கள் கட்டடத்தின் கீழே இருந்த பக்காலாவில் (மளிகைக் கடையில்) முதல் வாரத்திலேயே அரிசி, பால்மாவு, செருப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஈராக்கியச் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு ஆண்டுகள் ஈரானோடு போரிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய படை அது. அந்த முகங்களைப் பார்த்த எனக்கு, இது எண்ணெய் ஆசை என்பதைவிடப் பணமுடை என்றுதான் தோன்றியது.

சுந்தரம் பெரியப்பா, காலை 10.58
சேகர் சொல்வது கணக்கோடும் பொருந்துகிறது. எண்ணெய் ஈராக்கிடமே ஏராளமாக இருந்தது, இல்லாதது ரொக்கம். 1988 ஆகஸ்டில் ஈரான் போர் நின்றபோது, ஈராக்கின் வெளிநாட்டுக் கடன் சுமார் 8,000 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 1,400 கோடி குவைத்துக்குத் தர வேண்டியது. ‘அரபு நாடுகளின் கிழக்கு எல்லையை எங்கள் இரத்தத்தைக் கொடுத்துக் காத்தோம், அதற்குக் கொடுத்த பணத்தைக் கடன் என்று எப்படிச் சொல்வீர்கள்?’ என்பது பாக்தாதின் வாதம். தள்ளுபடி செய்ய முடியாது என்பது குவைத்தின் பதில்.

இதற்கு நடுவே, 1990 தொடக்கத்தில் 20 டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை ஜூன் மாதத்தில் 14 டாலர் அளவுக்குச் சரிந்தது. விலை ஒரு டாலர் குறைந்தால் தனக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் நட்டம் என்று ஈராக் சொல்லிவந்தது. பத்து லட்சம் பேர் கொண்ட படையைக் கலைத்தால் அவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லை. வைத்திருந்தால் சம்பளத்துக்குப் பணம் இல்லை.

கவின், காலை 11.05
விலை சரிந்தால் குவைத்துக்கும் நட்டம்தானே, பெரியப்பா? எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வகுத்த அளவை மீறி அவர்கள் ஏன் எண்ணெய் எடுத்தார்கள்?

சுந்தரம் பெரியப்பா, காலை 11.22
நல்ல கேள்வி. குவைத் தன் எண்ணெய்ப் பணத்தைப் பல ஆண்டுகளாக வெளிநாடுகளில் முதலீடு செய்து, அதிலிருந்தே பெரும் வருமானம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் சுத்திகரிப்பு ஆலைகளையும், ‘கியூ8’ என்ற பெயரில் பெட்ரோல் நிலையங்களையும் நடத்தியது. கச்சா எண்ணெய் மலிந்தால், அதை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் பக்கத்தில் லாபம் கூடும். ஈராக்குக்கோ கச்சா எண்ணெயைத் தவிர விற்க வேறொன்றும் கிடையாது. ஆகவே ஒரே விலைச்சரிவு ஒருவருக்குத் தாங்கக்கூடியதாகவும் மற்றவருக்குக் கழுத்தை நெரிப்பதாகவும் இருந்தது. உன் பேச்சின் உயிர்நாடியை இங்கே வை.

மாலதி அத்தை, பிற்பகல் 12.10
அண்ணா, பணமுடை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஜூலை மாதத்து மிரட்டலை விளக்குகிறதே தவிர, ஆகஸ்ட் 2ஐ விளக்கவில்லை.

தேதிகளை வரிசையாகப் பார்ப்போம். ஜூலை நடுவில் ஈராக்கின் வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸ் அரபுக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதி, இரு நாட்டு எல்லையிலும் பரந்திருக்கும் ருமைலா எண்ணெய் வயலின் ஈராக்கியப் பகுதியிலிருந்து குவைத் 240 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைத் திருடியது என்று குற்றம் சாட்டினார். படைகள் எல்லையில் குவிந்தன. அந்த மாத இறுதியில் ஜெனீவாவில் கூடிய ஒபெக், அடிப்படை விலையை 18 டாலரிலிருந்து 21 ஆக உயர்த்தியது. குவைத்தும் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது. ஈராக் கேட்டது 25 டாலர். கேட்டதில் பாதிக்கு அருகில், ஒரு குண்டுகூடச் சுடாமல், மிரட்டியே வாங்கிவிட்டார்கள். சவூதியின் ஜித்தாவில் இரு நாடுகளும் நடத்திய பேச்சு ஆகஸ்ட் 1ஆம் தேதி முறிந்த மறுநாளே உள்ளே நுழைய வேண்டிய அவசியம் என்ன? வருமானம் மட்டுமே நோக்கம் என்றால், ருமைலாவின் தென்முனையையும், கடல்வழிக்குத் தேவையான குவைத்தின் வார்பா, புபியான் தீவுகளையும் பிடித்துக்கொண்டு பேரம் பேசியிருக்கலாமே!

சுந்தரம் பெரியப்பா, பிற்பகல் 12.34
மாலதி, வங்கியில் இருந்தவனாக ஒன்று சொல்கிறேன். இரண்டு தீவுகளைப் பிடித்தால் கடன் கொடுத்தவன் உயிரோடு இருப்பான், கடனும் இருக்கும். நாட்டையே விழுங்கிவிட்டால் கடன் பத்திரத்துக்கு உரிமையாளரே இல்லை. அதோடு, இரண்டு நாடுகளும் சேர்ந்தால் உலக எண்ணெய் இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையில் வந்துவிடும். பிறகு ஜெனீவாவில் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

மாலதி அத்தை, பிற்பகல் 12.51
குவைத்தின் பத்திரம் கிழிந்தாலும் எட்டாயிரம் கோடியில் ஆறாயிரத்துச் சொச்சம் அப்படியே நிற்கிறதே, அண்ணா. அதைக் கேட்டு நின்றவர்களில் சவூதியும் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் ஜப்பானும் உண்டு. மேலும், குவைத்தின் உண்மையான செல்வம் லண்டனிலும் நியூயார்க்கிலும் கிடந்தது. படையெடுப்பு நடந்த அன்றே அமெரிக்காவும் பிரிட்டனும் அதை முடக்கிவிட்டதால், மத்திய வங்கியின் தங்கத்தை பாக்தாதுக்கு அள்ளிச் சென்றார்களே தவிர, வெளிநாட்டு முதலீடுகளைத் தொடக்கூட முடியவில்லை. நான்கு நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 661ஆம் தீர்மானம் ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதியையே அடைத்தது. லாபநட்டம் பார்க்கும் அரசு இதையெல்லாம் முன்கூட்டி யோசிக்காமலா இருக்கும்? அந்த மாதமே குவைத்தைத் தன் 19ஆவது மாகாணம் என்று அறிவித்ததில், 1961இல் குவைத் விடுதலை பெற்றபோதே அன்றைய ஈராக் பிரதமர் அப்துல் கரீம் காசிம் எழுப்பிய பழைய உரிமைக்கோரல் ஒலிக்கிறது. பொருளாதாரம் எரிபொருளைக் கொட்டியது, தீக்குச்சியைக் கிழித்தது ஈராக் அதிபர் சதாம் உசேன் ஒருவரின் அகந்தை என்றுதான் நான் படிக்கிறேன்.

சேகர் சித்தப்பா, பிற்பகல் 1.15
அக்கா, எதிர்த்தரப்புக்கும் கணக்கு இருந்தது என்பதை விட்டுவிட வேண்டாம். சவூதி எண்ணெய் வயல்கள் எல்லைக்கு அருகில் இல்லாதிருந்தால் அமெரிக்கா அத்தனை வேகமாகப் படை அனுப்பியிருக்குமா என்று குவைத்திலிருந்து வெளியேறித் தங்கியிருந்த ஜோர்டானின் அம்மான் முகாமில் நாங்கள் பேசிக்கொள்ளாத நாள் இல்லை. அந்தப் போருக்கான அமெரிக்கச் செலவில் பெரும்பகுதியைச் சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி ஆகிய நாடுகளே ஈடுசெய்தன.

என் சேமிப்பு என்ன ஆனது என்று கவின் கேட்பதற்குள் நானே சொல்கிறேன். குவைத் தினாரும் ஈராக் தினாரும் சமம் என்று அறிவித்துப் பிறகு குவைத் தினாரையே செல்லாது என்றார்கள். விமானம் ஏறும்போது என் பையில் இருந்த கட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கும் மதிப்புகூட இல்லை.

கவின், பிற்பகல் 1.28
அப்படியானால் ‘கடன்தான் நெருக்கியது, ஆனால் கடன் மட்டும் போதாது’ என்று பேசினால் என் அணிக்கு நான் துரோகம் செய்வது போல ஆகாதா, அத்தை?

மாலதி அத்தை, பிற்பகல் 1.40
ஆகாது. ‘ஏன் 1990, ஏன் 1985 இல்லை?’ என்று எதிரணியிடம் கேள். அகந்தையும் பழைய உரிமைக்கோரலும் 1985லும் இருந்தன. அப்போது குவைத்தின் பணம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடமே சரியான பதில் இல்லை.

சுந்தரம் பெரியப்பா, பிற்பகல் 1.52
அதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்! கவின், இதையும் குறித்துக்கொள். போருக்குப் பின் ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையத்துக்கு ஈராக் தன் எண்ணெய் வருமானத்திலிருந்து ஒரு பங்கைக் கட்டிவந்து, 2022இல்தான் முடித்தது. மொத்தம் 5,240 கோடி டாலர்.

மாலதி அத்தை, பிற்பகல் 1.57
அதை விளைவு என்று சொல், நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டாதே. நடுவர் அந்த இடத்தில்தான் பிடிப்பார்.