‘எனக்கு’ என்பது எழுவாயா? விளக்க உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியில் இளங்கலைத் தமிழ் மாணவர்கள் சிலருக்குத் தொடரியலின் (சொற்கள் சேர்ந்து தொடராகும் முறையை ஆராயும் இயலின்) அடிப்படைகளை மாலை நேரங்களில் கற்பித்து வருகிறேன். பெயர்த்தொடர், வினைத்தொடர் ஆகியவற்றை எளிதில் புரிந்துகொண்டவர்கள், எழுவாயை அடையாளம் காண்பதில் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

‘அம்மாவுக்குத் தன் பிள்ளைகளைப் பிடிக்கும்’ என்னும் தொடரில், வேற்றுமை உருபு ஏற்காத பெயரே எழுவாய் என்று பள்ளியில் படித்த விதிப்படி எழுவாயே இல்லை. ஆனால், பொதுவாக எழுவாயைச் சுட்டும் ‘தன்’ என்னும் சொல் இங்கே அம்மாவையே சுட்டுவதால், எழுவாய்க்குரிய ஒரு பண்பு ‘அம்மாவுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைப் பெயரிடம் இருக்கிறது. வினையின் விகுதியைப் பார்த்து எழுவாயைக் கண்டுபிடிக்கலாம் என்றேன். ஆனால், ‘பிடிக்கும்’ என்பதன் விகுதி அம்மாவோடும் இயையவில்லை, பிள்ளைகளோடும் இயையவில்லை. மேலும், எங்கள் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பலர் வீட்டில் மலையாளமும் பேசுகிறார்கள். ‘ஞான் வந்நு, அவள் வந்நு’ என்று மலையாளத்தில் எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதேயில்லை என ஒரு மாணவி சுட்டிக்காட்டியபோது (மிக நல்ல கேள்வி அது), அந்தச் சோதனையும் எல்லா மொழிக்கும் பொருந்தாது என்பது தெளிவாயிற்று.

எழுவாய் என்பதை ஒரே வரையறையாக அல்லாமல் பல பண்புகளின் தொகுதியாகத் தொடக்கநிலை மாணவர்களுக்கு எவ்வாறு சொல்லலாம்? இத்தகைய தொடருக்குக் கிளைப்படம் (தொடரின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் படம்) வரையும்போது ‘அம்மாவுக்கு’ என்பதை எந்தக் கணுவில் (கிளைகள் பிரியும் புள்ளியில்) வைக்கிறீர்கள்? ‘பசிக்கிறது’, ‘தெரியும்’, ‘வேண்டும்’ போன்ற வினைகளோடு வகுப்பில் பயன்படுத்திய எடுத்துக்காட்டுகள் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.