புல்வெளி பட்டர்கப்: எப்படி அடையாளம் காண்பது? குதிரைக்கு ஆகுமா?

கேள்வி:
யார்க்‌ஷயர் பக்கம் (வட இங்கிலாந்து) மே, ஜூனில் மேய்ச்சல் நிலமே மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சள் பூப்பூக்கும் எல்லாமே பட்டர்கப் என்கிறார்கள், ஆனால் ஒரே செடியாகத் தெரியவில்லை. உயரமான புல்வெளி பட்டர்கப்பைப் பிரித்தறிவது எப்படி? அதோடு சேர்த்து அறுத்துக் காயவைத்த புல்லைக் குதிரைக்குப் போடலாமா?

பதில் 1:
இலையிலிருந்து ஆரம்பித்தால் குழம்பிவிடும். பூவுக்குக் கீழுள்ள காம்பை விரலிடையே உருட்டிப் பாருங்கள். பள்ளக்கோடு இல்லாமல் உருண்டையாக இருந்தால் ரனன்குலஸ் ஆக்ரிஸ், நீங்கள் கேட்கும் செடி. பள்ளம் ஓடினால் புல்வெளியில் காணும் மற்ற இரண்டு ரனன்குலஸ் வகைகளான பல்போசஸ், ரெபென்ஸில் ஒன்று. அடுத்து, மலர்ந்த பூவைத் திருப்புங்கள். பச்சைப் புல்லி இதழ்கள் காம்பை நோக்கி மடிந்திருந்தால் பல்போசஸ். அதன் தண்டடி மண்ணுக்குள் சின்ன வெங்காயம்போல் வீங்கியிருக்கும். வறண்ட சுண்ணாம்பு மண்ணில் அதிகம், முதலில் பூப்பதும் அதுதான். புல்லி இதழ் மடியாமல், தரையில் ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேர் பிடித்திருந்தால் ரெபென்ஸ். ஆக்ரிஸுக்கு ஓடுதண்டே கிடையாது. 1 மீட்டர்வரை நிமிர்ந்து வளரும்.

பதில் 2:
நன்றாகக் காய்ந்திருந்தால் போடலாம். பச்சைச் செடியில் ரனன்குலின் இருக்கிறது. செடி நசுங்கியதும் அது ப்ரோட்டோஅனிமோனின் ஆகிறது. வாயைப் பொத்துப்போகச் செய்வது இதுதான்: கொப்புளம், எச்சில் ஒழுகல், வயிற்றுப்போக்கு. காயும்போது அது தீங்கற்ற அனிமோனினாக மாறிவிடும். தவறு நடப்பது இடையில்தான். புல் காய்ந்த பிறகும் பட்டர்கப் தண்டில் ஈரம் நிற்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று முறியாமல் வளைந்தால் இன்னும் காயவிடுங்கள். அன்றே வெட்டி வாடிய புல்லைத் தொட்டியில் போடவே கூடாது.

பச்சையாக நிற்கும்போது காரம் தாங்காமல் குதிரையே ஒதுக்கிவிடும். வேறு புல்லே மிஞ்சாத நிலத்தில்தான் ஆபத்து.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் வருடாவருடம் கூடிக்கொண்டே போவது ஏன்?

பதில் 3:
குதிரைகள் இதை ஒதுக்குவதால்தான். சுற்றியுள்ள புல்லை ஒட்ட மேய்ந்துவிடுகின்றன. போட்டியில்லாமல் இது விதை கொட்டுகிறது. மேய்ச்சலைக் குறைத்துப் புல்லை அடர்த்தியாக விடுங்கள், விதை முற்றுமுன் அறுங்கள். கையால் பிடுங்கினால் கையுறை கட்டாயம், சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். மண்ணடித் தண்டையும் சேர்த்துத் தோண்டி எடுங்கள், விட்டால் துளிர்க்கும். களைக்கொல்லியை மட்டும் நம்ப வேண்டாம்: நியூசிலாந்தின் பால்பண்ணை நிலங்களில் எம்சிபிஏ என்ற களைக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்ததில் ஆக்ரிஸ் அதற்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. ஆனால் உலர்புல்லுக்காக அறுக்கும் பழைய வெளியில் இது மண்ணுக்குரிய செடி, தேனீக்களும் ஈக்களும் தேடி வரும் பூ. அங்கே அடியோடு ஒழிக்கப் பார்க்காதீர்கள். மேயும் பகுதியில் மட்டும் குறைத்தால் போதும்.