என் மனைவியின் பாட்டி பார்த்த வைத்தியத்தை எங்கிருந்து தேடுவது?

ரோஸ்ஹில் அப்பா எழுதியது:
வணக்கம். நான் மொரீஷியஸ்காரன். மனைவி பிலிப்பைன்ஸில் போஹோல் தீவைச் சேர்ந்தவள். மகளுக்கு ஐந்து மாதம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "என்ன அழகா கொழுகொழுன்னு இருக்கா!" என்றார். உடனே மனைவி "புவேரா புயாக்" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. புகழ்ந்து பேசினால் பிள்ளைக்கு ஆகாது, அது அண்டாமல் இருக்கத்தான் இந்தச் சொல் என்று விளக்கினாள். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து சுற்றிப் போட்டார்.

அன்றிரவு அவள் தன் பாட்டியைப் பற்றிப் பேசினாள். பாட்டி ஊரில் 'மனனம்பால்', அதாவது நாட்டு வைத்தியம் பார்ப்பவர். சுளுக்கு என்றால் தேங்காய் எண்ணெய் தடவி 'ஹிலோட்' பிடிப்பார், அதாவது நீவிவிடுவார். தணலில் மூலிகை போட்டுப் புகை காட்டுவது 'பலினா'. பள்ளியில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்றதால், தோழிகளிடம் பாட்டியின் பேச்சையே எடுக்கமாட்டாளாம். பாட்டி போய் ஒன்பது வருடம். எண்ணெய் காய்ச்சும் முறையைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று அழுதாள்.

அவள் சொல்லும் 'லகுந்தி' நம் நொச்சிதானா? அப்புறம், இணையத்தில் காசு கட்டிப் 'பபைலான்', அதாவது அவர்கள் ஊரில் பூசையும் வைத்தியமும் பார்ப்பவர், ஆகும் வகுப்புகள் இருக்கின்றன. சேரலாமா?

தோட்டக்காரர்:
நொச்சியேதான். தாவரவியல் பெயர் விடெக்ஸ் நெகுண்டோ. காம்புக்கு ஐந்து இலை, கசக்கினால் காரமான வாசம். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் 10 மூலிகைகளில் அதுவும் ஒன்று. அங்கே இருமலுக்கு மாத்திரையாகவும் சிரப்பாகவும் கடையில் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில் கொய்யா, பாகல், பூண்டும் உண்டு. அவர்கள் 'துஓப்' என்பது நாம் ஆவி பிடிப்பதுதான். அவர்களுடைய 'மலுங்காய்' நம் முருங்கை, இங்கே மொரீஷியஸ் கிரியோல் மொழியில் மூரும். பால் ஊறப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அங்கேயும் வழக்கம். என் வேலியில் நொச்சி இருக்கிறது. வந்து குச்சி வெட்டிக்கொள்ளுங்கள், நட்டால் பிடித்துக்கொள்ளும்.

செவிலி அக்கா:
தம்பி, ஐந்து மாதப் பிள்ளைக்கு ஆவியும் வேண்டாம், புகையும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். காய்ச்சல் என்றால் நேரே டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்குச் செய்து பழகட்டும். அந்த நாட்டிலேயே 1997இல் பாரம்பரிய மருத்துவத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். இனி அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

மோக்கா தாத்தா:
வகுப்பு வேண்டாம் தம்பி. பபைலான் என்பது ஊரார் ஏற்றுக்கொண்டு தரும் இடம். அந்த நாட்டை ஆண்ட ஸ்பானியர்கள் பபைலான்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி ஒடுக்கினார்கள். 1621இல் உங்கள் மனைவியின் போஹோலிலேயே தம்ப்லோட் என்ற பபைலான் ஸ்பானியர்களை எதிர்த்துக் கலகம் செய்தார். அந்தப் பெயரைக் காசு கட்டி எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பாட்டி அம்மை கண்டவர்களுக்கு வேப்பிலை வைத்து ஒரு பாட்டு முணுமுணுப்பார். அந்தத் தமிழ் யாருக்கும் பாடமில்லை, என்னோடு சேர்த்து ஏழு பேரப்பிள்ளைகள் இருந்தும். பாட்டியின் கையைப் பார்த்தவர் உங்கள் மனைவியின் ஊரில் இன்னும் யாராவது இருப்பார். அவரைக் கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளட்டும், ஆங்கிலத்தில் வேண்டாம்.

ரோஸ்ஹில் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அவளுடைய பெரியம்மாவை வீடியோவில் கூப்பிட்டோம், எழுபது தாண்டியவர். முதலில் "எனக்கென்ன தெரியும்" என்றார். பிறகு போனைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையணையை மடியில் போட்டு, எங்கே விரல் வைக்கவேண்டும், எங்கே அழுத்தவே கூடாது என்று ஒரு மணி நேரம் காட்டினார். நடுவில் மனைவி ஒரு இடத்தில் பெரியம்மாவுக்கு முன்னாலேயே அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டக்காரரே, சனிக்கிழமை குச்சிக்கு வருகிறோம்.